மாப்பிள்ளை மலை இறங்குகிறார்

மாப்பிள்ளைக்குப் புத்தி சொல்றது எங்க போடிப் பக்கம் வழக்கம் இல்லைங்க. பொண்ணைக் குடுத்தவன் வாயைக் குடுக்கக்கூடாதும்பாக. அதனால நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. திண்ணையில உக்காந்த கிழவன் பொழுது போகாமக் கேக்குறான்னு வச்சுக்கங்க. காரு வாங்குனீங்க. உங்களுக்குப் புதுசு, காருக்குப் பழசு, அது கிடக்கட்டும். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்குனீங்க. முன்னாடி மிளகாயும் படிகாரமும் கட்டுனீங்க. பூசணிக்காயை உடைச்சு நடுரோட்டுலயே விட்டுட்டு வந்தீங்க, அதுல பால்காரர் வழுக்கி விழுந்து இன்னும் நொண்டுறாரு. எல்லாம் முறைப்படி நடந்துச்சு. பிரேக் ஆயில் எப்ப மாத்துனது?

முழிக்கிறீங்க. சரி, விடுங்க. வேற கேக்குறேன். நாளைக்குக் காலையில மூணாறு போயிட்டு, சாயங்காலம் போடிமெட்டு வழியா இறங்குறதா எம்மகள் சொன்னா. எந்தக் கியர்ல இறங்குவீங்க?

"ஆட்டோமேட்டிக் வண்டி மாமா, அதுவே பாத்துக்கும்"னு சிரிச்சீங்க பாருங்க, அந்தச் சிரிப்புலதான் எனக்கு ராத்திரிச் சோறு இறங்கல.

உங்க மேல குத்தம் இல்லைங்க மாப்ள. ஊர் வாகு அப்படி. மேற்குத் தொடர்ச்சி மலை குஜராத் எல்லையில இருந்து கன்னியாகுமரி வரைக்கும் 1,600 கிலோமீட்டர் மறிச்சு நிக்குது. அம்புட்டு நீளத்துல பாலக்காட்டுக்கு மட்டும்தான் இம்புட்டுப் பெருசா வழி விட்டிருக்கு. முப்பது கிலோமீட்டருக்கு மேல அகலம். உசரம் கடல் மட்டத்துக்கு மேல நூத்திநாப்பது மீட்டர் இருந்தா அதிகம். நீங்க கொழிஞ்சாம்பாறையில பொறந்து, வாளையார் தாண்டி கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போயி வந்த ஆளு. அந்த ரோட்டுல பிரேக்குக்கு என்ன வேலை? டோல்கேட்டுல நிறுத்துறதுக்குத்தான் வேலை. மலை உங்களுக்கு ஜன்னல்ல தெரியுற காட்சி. எங்களுக்கு அது தினப்படி வேலைக்குப் போற வழி.

ஆனா, உங்க ஊருக்குத் தெக்க நெல்லியாம்பதி இருக்கு, வடக்க அட்டப்பாடிச் சுரம் இருக்கு. கல்யாணத்தன்னிக்குப் பந்தியில உங்க சிநேகிதங்க ஒரு கதை சொன்னாக, ஞாபகம் இருக்கா? நெல்லியாம்பதியில இருந்து கியர் இல்லாத ஸ்கூட்டர்ல மூணு வண்டியா இறங்குனாகளாம். போத்துண்டி அணைக்கட்டுக்கு மேல ஒரு வளைவுல ஒருத்தருக்கு ரெண்டு பிரேக்கும் கைப்பிடியோட ஒட்டிக்கிச்சாம், வண்டி நிக்கலையாம். செருப்பைத் தேச்சு, கரையில மோதி, புதருக்குள்ள போயி நின்னாராம். பந்தியே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். பாயசம் அப்பத்தான் வந்துச்சு, சிரிக்காம இருந்தா மரியாதை இல்ல. அந்த ஸ்கூட்டர்ல ஒரு சங்கதி இருக்குங்க. ஆக்சிலேட்டரை முழுசா மூடி, வேகமும் கொறஞ்சுபோச்சுன்னா உள்ள இருக்கிற கிளச்சு தன்னால விட்டுரும். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அப்புறம் மொத்த மலையையும் அந்தச் சின்ன பிரேக் கட்டைதான் தாங்கணும். பைய இறங்குனா நல்லதுன்னு நினைச்சுத்தான் அந்தப் பிள்ளை பைய இறங்கிருக்கு. நடுவுல நாலு எடத்துல நிறுத்தி, ஆறவிட்டு இறங்கணும்னு அதுக்கு யாரும் சொல்லல.

சரி, நான்தான் புத்தி சொல்றதில்லைன்னு சொன்னேனே. அதனால, நல்ல பிரேக்கை ஒரே சாயங்காலத்துல எப்படி ஒழிச்சுக்கட்டுறதுன்னு மட்டும் சொல்றேன். இதைப் பூராவும் நம்ம ரோட்டுல வாரவாரம் ஞாயித்துக்கிழமை பாக்கலாம்.

மொதல்ல, மூணாறுல கிளம்புறதுக்கு நேரமாக்கணும். கேரட்டு, சாக்லேட்டு, யூகலிப்டஸ் தைலம் வாங்கி, மத்தியானம் பிரியாணி சாப்பிட்டு, போடிமெட்டுக்கு வரும்போது பொழுது சாயணும். அங்க ஒரு டீ. மேகம் இறங்கியிருக்கும், அதை நாலு போட்டோ. அப்புறம் வண்டியில ஏறி, லீவரை 'டி'யில போட்டுட்டு, ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துப் பிரேக் மேல வைக்கணும். வச்ச காலை எடுக்கவே கூடாது. அழுத்தவும் வேணாம், விடவும் வேணாம். லேசா, பட்டும் படாம. அடிவாரத்துல முந்தல் வரைக்கும் அந்தக் கால் அங்கதான் இருக்கணும். கொண்டை ஊசி வளைவு பதினேழு இருக்கு. மூணாவது வளைவுல பாட்டுச் சத்தத்தைக் கூட்டிக்கங்க. எட்டாவது வளைவுக்குப் பக்கமா ரப்பர் கருகுற வாசம் வரும். "முன்னாடி போற லாரியில இருந்து வருது, கண்ணாடியை ஏத்து"ன்னு எம்மககிட்டச் சொல்லுங்க. பத்து வளைவு தாண்டுனா பெடல் கொஞ்சம் ஆழமாப் போகும். செருப்பு தேஞ்சிருச்சுன்னு நினைச்சுக்கங்க. பதிமூணுக்கு மேல பெடல் தரையைத் தொடும். அதுக்கப்புறம் நடக்கிறது உங்க பொறுப்பு இல்ல. மறுநாள் பேப்பர்ல "பிரேக் பிடிக்காததால்"னு போட்டுருவாக. பழி பூராவும் பிரேக்குக்கு.

வாயில்லாச் சாமானுங்க அது. அது பக்கத்து நியாயத்தையும் கேக்கணுமில்ல.

ஒம்போதாங் கிளாஸ் படிக்கிற பேத்திகிட்ட ஒரு கணக்குப் போடச் சொன்னேன். ஆளும் மூட்டையும் சேத்து உங்க காரு ஒன்றரை டன்னு. போடிமெட்டுக்கும் போடிக்கும் நடுவுல உசர வித்தியாசம் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர். அந்த எடை அந்த உசரத்துல இருந்து கீழ வரணும், ஆனா வேகம் கூடக்கூடாது. அப்ப அந்தச் சக்தி எங்கயாவது போய்ச் சேரணும்ல? பூராவும் பிரேக் வழியாப் போனா சூடாத்தான் மாறும். எம்புட்டுச் சூடு? நாப்பத்தஞ்சு லிட்டர் பச்சைத்தண்ணியைக் கொதிக்க வைக்கிற சூடுங்க! உங்க கல்யாணத்துக்கே அம்புட்டு டீ போடல. நாலு சக்கரத்துக்குள்ள உள்ளங்கை அகலத் தகடு, அதுல இதைக் கொட்டுறீங்க. பதினாறு டன் பஸ்ஸா இருந்தா ஐநூறு லிட்டர். போற வழியில காத்து கொஞ்சத்தை வாங்கிக்கும், மறுக்கல. ஆனா கால் எடுக்காம இருந்தா காத்துக்கும் நேரம் கிடைக்காது.

சூடு ஏறுனா ரெண்டு வழியில கெடும். லைனர் சூடேறுனா பிடிக்கிற குணம் போயிரும். வழுவழுன்னு ஓடும். பழைய லாரியில, பஸ்ஸுல டிரம் சூட்டுல விரிஞ்சு கட்டையை விட்டு விலகிப் போகும். நீங்க எம்புட்டு மிதிச்சாலும் கட்டை எட்டிப் பிடிக்காது. இது ஒண்ணு. இன்னொண்ணு அந்த ஆயில். பெடலை மிதிச்சா அந்த மிதியைச் சக்கரத்துக்குக் கொண்டு போறது ஆயில்தான், ஏன்னா ஆயிலை அமுக்கிச் சின்னதாக்க முடியாது. ஆனா அது காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். சாதாரண டாட் 3 ஆயில் புதுசுல 205 டிகிரிக்கு மேல போனாத்தான் கொதிக்கும். வருசக்கணக்கா ஈரம் குடிச்சதுக்கப்புறம் 140க்கே கொதிச்சிரும். பாலக்காட்டு மழையில நனைஞ்ச வண்டிக்குச் சொல்லவே வேணாம். கொதிச்சா குழாய்க்குள்ள ஆவி. ஆவியை எம்புட்டு வேணா அமுக்கலாம். நீங்க மிதிக்கிறது பூராவும் ஆவியை அமுக்கிறதுலயே போயிரும், சக்கரத்துக்கு ஒண்ணும் போய்ச் சேராது.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. வண்டி எங்கயோ முட்டி நின்னு, கிரேன் வந்து தூக்கி, மறுநாள் ஒர்க்‌ஷாப்புல மெக்கானிக் மிதிச்சுப் பாக்கும்போது பிரேக் நல்லா இருக்கும். ஆறிப்போச்சுல்ல! ஆவி திரும்ப ஆயிலாயிருச்சு, லைனர் பழையபடி பிடிக்குது. மெக்கானிக் டிரைவரைப் பாப்பாரு. டிரைவர் பிரேக்கைப் பாப்பாரு. ரெண்டு பேரும் சொல்றது நிசம்தான். மேல இருக்கும்போது போச்சு, கீழ வந்ததும் வந்துருச்சு.

ரிப்பேரே பாக்காம ஓட்டுற முதலாளிகளும் இருக்காக, அவுகளை நான் விட்டுக்குடுத்துப் பேசல. ஓஸ் பைப்பு வெடிச்சது, லைனர் ஆணி வரைக்கும் தேஞ்சது எல்லாம் கண்ணால பாத்ததுதான். ஆனா மலையில பிரேக்கு திடீர்னு சாகுறது குறைச்சல். பத்து கிலோமீட்டருக்கு முன்னாடியே சொல்லிச் சொல்லித்தான் சாகும். வாசமாச் சொல்லும், பெடலைத் தளர்த்திச் சொல்லும். பாட்டுச் சத்தத்துல கேக்காது.

வெள்ளைக்காரன் பயந்தாங்கொள்ளின்னு நினைச்சுக்கிட்டிருந்தேன் சின்ன வயசுல. மூணாறுத் தேயிலையை டாப் ஸ்டேஷன் வரைக்கும் ரயில்ல கொண்டு வந்தான். 1902ல ஒத்தத் தண்டவாளம், 1908ல சின்ன ரயிலு. அங்க இருந்து கொட்டக்குடிக்கு இறக்கணும். வண்டியில இறக்கல. கம்பி வடம் கட்டி, பெட்டியைத் தொங்கவிட்டு இறக்குனான். மேல இருக்கிற ஸ்டேஷன் டாப் ஸ்டேஷனாச்சு. கீழ கொட்டக்குடியில இருந்துதான் மாட்டு வண்டி, போடி வரைக்கும். தொண்ணூத்தொம்போது வெள்ளம்னு மலையாளத்துல சொல்றாகளே, 1924ல வந்தது, அதுல ரயிலு அடிச்சுக்கிட்டுப் போச்சு. பேரு மட்டும் நிக்குது. இன்னிக்கு அங்க செல்ஃபி எடுக்கப் போற பிள்ளைகளுக்கு, தேயிலைப் பெட்டியை விடச் சுலபமா நாம இறங்கிருவோம்னு ஒரு நம்பிக்கை. ஊட்டி ரயிலையும் பாருங்க. 1899ல மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூருக்கு விட்டது. கல்லாறுக்கு மேல நடுவுல பல்லு வச்ச தண்டவாளம், எஞ்சின்ல பல்லுச்சக்கரம். பன்னெண்டு அடிக்கு ஒரு அடி ஏத்தம். இறங்கும்போது ஒவ்வொரு பெட்டியிலயும் ஒரு பிரேக்மேன் நிப்பாரு. நூறு வருசத்துக்கு மேல ஓடுற வண்டி, பெட்டிக்கு ஒரு ஆளை நிறுத்தி இறங்குது. நீங்க ஒத்தக் கால்ல இறங்குறேங்குறீங்க. சந்தோசம்.

கியர்தாங்க மலைக்குப் பிரேக்கு. கால் பிரேக்கு நிறுத்துறதுக்கு மட்டும்தான். தாழ்ந்த கியர்ல வண்டியைப் போட்டுட்டு ஆக்சிலேட்டரை விட்டீங்கன்னா, வண்டி எஞ்சினைச் சுத்தப் பாக்கும், எஞ்சின் சுத்தமாட்டேன்னு இழுக்கும். காளைக்கு மூக்கணாங்கயிறு அதுதான். 'உர்ர்'னு சத்தம் போடும், பயப்படக்கூடாது. அந்தச் சத்தம் வந்தாத்தான் வேலை நடக்குதுன்னு அர்த்தம். எந்தக் கியர்ல ஏறுனமோ அந்தக் கியர்ல இறங்குன்னு லாரி செட்டுல கிளீனர் பையனுக்குக் கூடச் சொல்லிக் குடுப்பாக. முந்தல்ல இருந்து ரெண்டாவது கியர்ல முக்கி முக்கி ஏறுனீங்கன்னா ரெண்டாவதுலதான் இறக்கம். வளைவுக்கு முன்னாடி மட்டும் பிரேக்கை நல்லா அழுத்தி வேகத்தைக் குறைச்சுட்டு, காலை முழுசா எடுத்துரணும். மிதி, விடு. விடுற நேரத்துலதான் அது மூச்சு வாங்கும்.

உங்க ஆட்டோமேட்டிக்ல அதுக்கு இடம் இருக்குங்க, வச்சுத்தான் குடுத்திருக்கான். 'டி'க்குக் கீழ 'எல்'னு இருக்கும், இல்லைனா '2', 'எஸ்', 'எம்'னு இருக்கும். 'டி'யில விட்டா அது மைலேஜைப் பாத்து மேல் கியருக்குத் தாவும், உங்க உசிரைப் பாக்காது. இறக்கம் தொடங்குறதுக்கு முன்னாடியே மாத்திரணும். வேகம் பிடிச்ச பின்னால கீழ் கியரைக் கேட்டா, அது கெட்டுப்போயிரும்னு கியர்பாக்ஸ் தரமாட்டேங்கும். மூத்த மாப்பிள்ளை மின்சாரக் கார் வாங்கியிருக்காரு, அவர்கிட்டயும் இதைப் போட்டுவிடுங்க, நான் சொன்னேன்னு சொல்லாம. அது இறக்கத்துல பிரேக் பிடிக்கிற வேலையை மோட்டாரே செஞ்சு, பேட்டரிக்குக் கரண்டா அனுப்பும். நல்ல ஏற்பாடு. ஆனா மூணாறு லாட்ஜுல ராத்திரி முச்சூடும் சார்ஜ் போட்டு, நூறு சதம் ரொப்பி இறங்குனா, கரண்டை வாங்கிக்க பேட்டரியில இடம் ஏது? அம்புட்டுச் சுமையும் திரும்பப் பழைய பிரேக்கு மேலதான். மலை மேல இருந்து கிளம்புறவன் கொஞ்சம் பசியோட கிளம்பணும், வண்டிக்குத்தான் சொல்றேன்.

நியூட்ரல்ல போட்டு இறங்குற ஆளுகளைப் பத்திச் சொல்லவே கூடாதுன்னு இருந்தேன், வாய் சும்மா இருக்குதா. தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவுல தொப்பூர் கணவாய். பெரிய நாலுவழிச் சாலை, கொண்டை ஊசியே இல்ல. அங்க விழுந்த உசிருக்குக் கணக்கு வச்சா நம்ம ரோடெல்லாம் புண்ணியபூமி. 2020 டிசம்பர் 12ல ஒரு லாரி, வரிசையா நின்ன கார்கள் மேல ஏறி நாலு பேரு போனாக. டீசலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைச்சு, நியூட்ரல்ல விடாதீங்கன்னு போலீஸ் போர்டு மேல போர்டா எழுதி வச்சும் பாத்துட்டாக. எஞ்சினை அணைச்சா என்ன ஆகும்? பிரேக்குக்குத் துணைக்கு நிக்கிற பூஸ்டரு ரெண்டு மூணு மிதி வரைக்கும் இருக்கும், அப்புறம் பெடல் கருங்கல்லாயிரும். ஸ்டியரிங்கும் கனத்துப் போகும். சாவியை உருவிட்டா ஸ்டியரிங்கே பூட்டிக்கும். பெரிய வண்டியில எஞ்சின் ஓடுனாத்தான் காத்து நிரம்பும், காத்து இருந்தாத்தான் பிரேக்கு. இவ்வளவும் எதுக்கு? மிச்சத்துக்கு. அந்த மிச்சத்துலயும் ஒரு கூத்து. இந்தக் காலத்து வண்டியில கியர்ல இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டீங்கன்னா, எஞ்சினுக்கு எண்ணெய் போறதையே கம்ப்யூட்டர் நிறுத்திரும், சக்கரம்தான் எஞ்சினைச் சுத்தும். நியூட்ரல்ல போட்டா எஞ்சின் அணைஞ்சிரக் கூடாதுன்னு சொட்டுச் சொட்டா ஊத்திக்கிட்டே இருக்கும். அப்ப, மிச்சம் பிடிக்கிறேன்னு நியூட்ரல் போடுறவர்தான் செலவு பண்றாரு! இதை எங்க ஊரு லாரி செட்டுல சொன்னப்ப ஒரு பெரியவர் "எங்கப்பா காலத்துல இருந்து நியூட்ரல்தான்"னாரு. அவுங்கப்பா காலத்துல வண்டியில கம்ப்யூட்டர் இல்ல, ரோட்டுலயும் இம்புட்டு வண்டி இல்ல.

ஊட்டியில இருந்து மசினகுடிக்கு இறங்குற கல்லட்டி ரோட்டுல, முப்பத்தாறு வளைவு, 2018ல ஒரு கார் பள்ளத்துல விழுந்து ரெண்டு நாளு யாருக்கும் தெரியாமக் கிடந்துச்சு. அதுக்கப்புறம் வெளியூர் வண்டியை அங்க இறங்க விடறதில்லைன்னு கட்டுப்பாடு. சர்க்காரே உங்களை நம்பல மாப்ள. நான் மட்டும் எப்படி நம்புறது?

இனிக் கொஞ்சம் சிரிக்காமக் கேளுங்க. குட்டிக்கானத்துல இருந்து முண்டக்கயத்துக்கு இறங்குற ரோடு நீங்க சபரிமலைக்குப் போனப்பப் பாத்திருப்பீங்க. அங்க புல்லுப்பாறையில 2025 ஜனவரி 6 விடியக்காலம், தஞ்சாவூருக்குக் கோயில் பாக்கப் போயிட்டு மாவேலிக்கரைக்குத் திரும்புன கேரளா சர்க்கார் பஸ்ஸு பள்ளத்துல சாஞ்சு நாலு பேரு போயிட்டாக. பிரேக் கிடைக்கலைங்கிறதுதான் மொதல்ல வந்த பேச்சு. மரங்க தாங்குனதால மத்தவுக பொழைச்சாக. அதுக்கு ரெண்டு வருசம் முன்னாடி, 2022 டிசம்பர் 23 ராத்திரி, நம்ம குமுளி இறக்கத்துல, இரைச்சல் பாலத்துக்கிட்ட. சபரிமலையில இருந்து ஆண்டிபட்டிப் பக்கம் திரும்புன கார் மரத்துல மோதி, பவர்ஹவுஸுக்குத் தண்ணி போற ராட்சசக் குழாய் மேல போயி விழுந்துச்சு. எட்டுப் பேரு. ரெண்டுலயும் நான் பாக்கிறது ஒரே சங்கதி. திரும்பி வர்ற பயணம், தூக்கம் கெட்ட நேரம். நம்ம பக்கத்துல இருந்து மலைக்குப் போற எல்லாரும் ஏறும்போது தெம்பா ஏறுறோம், இறங்கும்போது அசந்து இறங்குறோம். கஷ்டமான பாதிக்கு மிச்சமிருக்கிற பாதி ஆளுதான் வர்றான். மூணாறுல இருந்து மத்தியானம் ரெண்டு மணிக்குக் கிளம்புனா என்ன கொறைஞ்சா போயிரும்? யூகலிப்டஸ் தைலம் போடிச் சந்தையிலயே கிடைக்கும்.

வாசம் வந்துச்சுன்னா நிறுத்துங்க. அகலமான எடமா, வளைவுல இல்லாம. எஞ்சின் ஓடட்டும். சக்கரத்துல தண்ணியை மட்டும் ஊத்திராதீங்க. சில நூறு டிகிரியில இருக்கிற இரும்புல பச்சைத்தண்ணி பட்டா கோணிக்கும், வெடிக்கவும் செய்யும். அரைமணி நேரம் பேசிக்கிட்டு இருங்க, எம்மகளோட பேச உங்களுக்கு அப்பத்தான் நேரம் கிடைக்கும். சக்கரத்துக்கு அண்டை குடுக்கக் கல்லு வச்சீங்கன்னா, கிளம்பும்போது அதை எடுத்து ஓரமாப் போடணும். இது ஒண்ணை மட்டும் மிரட்டியே சொல்றேன், மாப்பிள்ளைன்னு கூடப் பாக்கமாட்டேன். வண்டிக்காரன் விட்டுட்டுப் போன கல்லுல மோதி மண்டை உடைஞ்ச பைக்குக்காரங்க இந்த ரோட்டுல எத்தனை பேரு!

நிசமாவே பெடல் கீழ போயிருச்சுன்னா? மொதல்ல கத்தாதீங்க, பக்கத்துல இருக்கிறவ கத்துவா, அது போதும். பெடலைப் படபடன்னு அடிச்சு அடிச்சு மிதிங்க, கொஞ்சம் திரும்பி வரும். கியரை ஒவ்வொண்ணாக் கீழ கொண்டு வாங்க. ஹேண்ட் பிரேக்கை வெடுக்குனு இழுத்தா வண்டி சுத்திக்கும், பைய ஏத்தணும். பொத்தான் பிரேக்கா இருந்தா விடாம அழுத்திப் பிடிக்கணும். ஹாரனையும் லைட்டையும் விடாம அடிங்க. நின்னாலும் நிக்கலைன்னாலும் மலைப்பக்கம் ஒதுங்குங்க. சாக்கடையில சக்கரம் இறங்கட்டும், கதவு உரசட்டும், பெயிண்டு போனாப் போகுது. பள்ளத்துப் பக்கம் மட்டும் கண்ணே போகக்கூடாது. கண்ணு போற பக்கம் கையும் போயிரும்.

எதிர்ல ஏறி வர்ற வண்டிக்கு வழி விடணும். இது எஞ்சட்டம் இல்ல, 2017ல வந்த வண்டி ஓட்டுற விதியிலயே இருக்கு. ரெண்டு வண்டி போக எடம் போதாத மலைரோட்டுல, இறங்குறவர்தான் ஒதுங்கி நிக்கணும். ஏறுறவன் நின்னா மறுபடி கிளப்புறது பாடு. ஆனா எங்க ஊரு ஜீப்பு வந்தா, ஏறுனாலும் சரி இறங்குனாலும் சரி, நீங்க ஒதுங்கிருங்க. காலையில ஏலத்தோட்டத்துக்குப் பொம்பளைகளை ஏத்திக்கிட்டுப் போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளின்னு மூணு வழியிலயும் ஏறும். சாயங்காலம் அதே ஜீப்பு இறங்கும். பத்துப் பேரு எடத்துல எத்தனை பேருன்னு எண்ணாதீங்க, அவுகளே எண்ணுறதில்ல. டிரைவருக்கு வீட்டுக்குப் போற அவசரம், உள்ள இருக்கிற பொம்பளைகளுக்கு உலை வைக்கிற அவசரம். வளைவு மனப்பாடம்கிற தைரியத்துல வருவாக. மனப்பாடமான வளைவுல எதிர்ல நீங்க நிப்பீங்கன்னு அவுக பாடத்துல இல்ல. இதைச் சொன்னா எங்க தெருவுலயே பாதிப் பேரு எங்கூடப் பேசமாட்டாக. அதனாலதான் வீட்டுக்குள்ள வச்சுச் சொல்றேன்.

அம்புட்டுத்தான். நான் புத்தி ஒண்ணும் சொல்லலையே? சொல்லியிருந்தா மன்னிச்சுக்கங்க. காலையில எங்க சின்ன மச்சான் ஒர்க்‌ஷாப்புல ஒரு அரைமணி நேரம் வண்டியை விட்டீங்கன்னா ஆயிலை மாத்தி, லைனரைப் பாத்துக் குடுத்துருவாரு. காசு நான் குடுத்துக்கிறேன், சீர்ல சேத்துக்கங்க.

இன்னொண்ணு. உங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்கிறேன், பொண்ணு பாக்க வந்தப்ப நாங்க சொல்லல, சொன்னா சம்மதிப்பீங்களோ மாட்டீங்களோன்னு. எம்மக கார் ஓட்டக் கத்துக்கிட்டதே இந்தப் போடிமெட்டு ரோட்டுலதான். என் பழைய ஜீப்புல, நான் பக்கத்துல உக்காந்து, அவ ரெண்டாவது கியர்ல. அதனால ஒரு ஏற்பாடு பண்ணிக்கலாம். ஏறும்போது நீங்களே ஓட்டுங்க, ஊரே பாக்கட்டும், மாப்பிள்ளை ஓட்டுறாருன்னு எங்களுக்கும் பெருமை. போடிமெட்டுல டீ குடிச்சதும் சாவியை அவ கையில குடுத்துட்டு இங்கிட்டு வந்து உக்காந்துக்கங்க. முந்தல்ல எனக்குத் தெரிஞ்சவுக யாராச்சும் பாத்துக் கேட்டாகன்னா, மாப்பிள்ளைக்குக் கால்ல சுளுக்குன்னு நான் இப்பவே சொல்லி வச்சுர்றேன்.